பாகீரதி மாமியின் ஒருவேளைச் சாதம்

பாகீரதி மாமி சமைத்ததைச் சாப்பிட்டு ஒருவனுக்கும் வயிறு வலித்தது கிடையாது. இதை எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைத்துச் சொல்வேன். நாங்கள் ஆறு பேர் அவளிடம் சாப்பிட்டோம். எல்லோரும் பாலக்காட்டுப் பக்கத்து ஆட்கள், எல்லோரும் பம்பாயில் குமாஸ்தாக்கள். 1940ல் நான் மாட்டுங்காவுக்கு வந்து இறங்கியபோது எட்டு மாதம் ஹோட்டலில் சாப்பிட்டேன். அந்த எட்டு மாதத்தில் நெஞ்செரிச்சலும் பேதியுமாக ஆளே பாதியாகிவிட்டேன். சட்டைக் காலரில் இரண்டு விரல் நுழைந்தது. ஆபீஸில் எனக்கு மூத்தவரான அனந்தநாராயணன்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கையோடு மாமியிடம் அழைத்துப்போனார்.

"இவன் பஞ்சு. வயத்தைக் கெடுத்துண்டு நிக்கறான்" என்றார்.

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நாக்கைக் காட்டு" என்றாள். காட்டினேன். "பத்து நாள் நான் போடறதை மட்டும் சாப்பிடு. காப்பி கேக்கப்படாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் போட்டது என்ன பெரிய ராஜபோஜனமா? காலையில் புழுங்கல் அரிசிக் கஞ்சி, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். மத்தியானம் சாதம், தேங்காய் அரைத்துவிட்ட கீரை மொளகூட்டல், நீர் மோர். ராத்திரிக்கு ஒரு புளிங்கறி, வாழைத்தண்டோ பூசணியோ ஒரு கறி. எண்ணெயைக் கண்ணில் காட்டுவாள், அவ்வளவுதான். அப்பளம் பொரித்தால் அன்று பண்டிகை என்று தெரிந்துகொள்ளலாம். முதல் வாரம் நான் மனதுக்குள் அவளைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டேன். இரண்டாவது வாரம் எரிச்சல் நின்றது. மூன்று மாதத்தில் பழைய சட்டைகள் பொருந்தின. நாங்கள் ஆறு பேரும் லீவு போடாமல் ஆபீஸ் போகிற ஆட்கள் என்று பெயர் வாங்கினோம்.

அவளுக்கு அப்போது முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு வயதிருக்கும். புருஷன் ரயில்வேயில் வேலை பார்த்தவர், விஷக்காய்ச்சலில் போய்விட்டார். ஒரே பிள்ளை சுந்தரராமன். அவனைப் பாலக்காட்டில் அண்ணா வீட்டில் விட்டுவிட்டுப் படிக்கவைத்தாள். அவளும் அங்கேயே போயிருக்கலாம். போனால் அண்ணா வீட்டில் அடுப்படிதான், பிள்ளை ஒண்டிக்கொண்டு வளர்வான். அதனால் புருஷன் குடியிருந்த அந்த இரண்டு அறையிலேயே இருந்து எங்களுக்குச் சமைத்துப் போட்டு, மாதாமாதம் அவன் படிப்புக்கு மணியார்டர் அனுப்பினாள். தலையை மழித்து, வெள்ளையுடுத்திய விதவைகளுக்கு அப்போது ஒரே ஒரு மதிப்பு இருந்தது. திவசத்துக்குச் சமைக்கலாம். மாட்டுங்காவில் யார் வீட்டில் அப்பா அம்மா திதி வந்தாலும் முதலில் மாமியைத்தான் கூப்பிடுவார்கள். அவள் ஆசாரத்தில் அப்படி ஒரு நம்பிக்கை.

அந்த ஆசாரத்தின்படி அவளுக்கு ஒருவேளைதான் சாதம். அதுவும் பச்சரிசிச் சாதம். புழுங்கல் என்றால் நெல்லை யாரோ எங்கேயோ ஒரு தடவை வேகவைத்தாகிவிட்டது, அதை அவள் தொடமாட்டாள். எங்களுக்கு அதைத் தினமும் வடித்துப் போடுவாள், தனக்கு மட்டும் வேறு பானை. நாங்கள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபிறகு, இரண்டு மணி வாக்கில், மிச்சம் இருந்தால் ஒரு கரண்டிக் கீரை, இல்லாவிட்டால் மோரும் நாரத்தங்காயும். கீரை மிச்சம் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. நாங்கள்தான் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவோமே.

இருந்தும் அவள் கல் மாதிரி இருந்தாள். காரணம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவள் சாப்பிட்ட பச்சரிசி கடையில் வாங்கியது இல்லை. ஊரிலிருந்து யாராவது பம்பாய்க்கு ரயிலேறினால் அவர்கள் கையில் அண்ணா ஒரு மூட்டை கொடுத்து அனுப்புவார். உரலில் குத்திய அரிசி. தவிடு முழுக்கப் போகாமல் பழுப்பாக இருக்கும்.

நாற்பத்துமூன்றில் ரேஷன் வந்தது. பர்மா அரிசி நின்றுபோயிற்று, மாகாணம் விட்டு மாகாணம் தானியம் கொண்டுபோகக் கூடாது என்றார்கள். ஊர் மூட்டை அதோடு சரி. எங்கள் பக்கத்து ரேஷன் கடையில் கிடைத்தது பெரும்பாலும் புழுங்கல். எங்களுக்குப் பிரச்சினை இல்லை. மாமியின் கார்டுக்கும் அதே புழுங்கல்தான். நாலு நாள் அவலை நனைத்துத் தின்றுகொண்டு இருந்தாள். அவல் தீர்ந்ததும் வெறும் மோர்.

அதற்கு வழி கண்டுபிடித்த மகா புத்திசாலி நான்தான்.

தாராவியிலிருந்து பேராச்சி என்று ஒருத்தி கீரைக் கூடை சுமந்து வருவாள். திருநெல்வேலிப் பக்கம். புருஷன் தோல் பதனிடும் இடத்தில் வேலை. முளைக்கீரை, பொன்னாங்கண்ணி, வல்லாரை என்று அவள் கொண்டுவருவதை மாமி ஒவ்வொரு கட்டாகப் பிரித்துப் பார்த்துத்தான் எடுப்பாள். ஒரு நாள் பேராச்சி வாசலில் உட்கார்ந்து அலுத்துக்கொண்டாள்.

"எங்க கடையில வெள்ள அரிசியால்லா போடுதான், சாமி. கஞ்சி வச்சா வயித்துல நிக்க மாட்டேங்கு. பிள்ளைய ஒரு நாழிக்குள்ள பசிக்குங்கு."

வெள்ளை அரிசி என்றால் மில்லில் தீட்டிய பச்சரிசி. எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. மாமியின் பங்குப் புழுங்கலை அவளுக்குக் கொடுத்து, அவள் பச்சரிசியில் அதே அளவு மாமிக்கு வாங்கினேன். வாராவாரம் நானே பையைத் தூக்கிக்கொண்டு போய் மாற்றினேன். பேராச்சி கும்பிட்டாள். மாமி, "பஞ்சு, நீ நன்னா இருப்பே" என்றாள். அனந்தநாராயணன் கூட, "உனக்கு மூளை இருக்குடா" என்றார். அந்த வயதில் இப்படி நாலு பேர் சொன்னால் காலே தரையில் பாவாது.

மல்லிகைப்பூ மாதிரி அரிசி. மாமி அதையும் தண்ணீர் தெளியும்வரை ஏழெட்டுத் தடவை களைவாள். கடைக்காரன் கை, மூட்டை தூக்கினவன் கை என்று எத்தனையோ கை பட்டது அல்லவா? பிறகு கஞ்சியை ஒட்ட வடிப்பாள். களைந்த நீரும் வடித்த கஞ்சியும் பேராச்சியின் ஆட்டுக்குப் போய்ச் சேரும்.

ஒரு வருஷம் போயிற்று. முதலில் பாதம் எரிகிறது என்றாள். மழைக்காலத்து ஈரத்தில் நிற்பதால் என்று நினைத்து விளக்கெண்ணெய் தடவினாள். அப்புறம் அரிவாள்மணையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, அதுவும் போதாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எழுவாள். பரிமாறக் குனியும்போது மூச்சு வாங்கியது. நாங்கள் கவனித்தோமா என்றால், கவனித்தோம். "மாமி, நீங்க ரெஸ்ட் எடுத்துக்கணும்" என்று சொல்லிவிட்டு இலையை நகர்த்திக் கொடுத்தோம்.

பேராச்சிதான் என்னை வழிமறித்தாள்.

"ஏன் சாமி, அம்மா நடையப் பாத்தியளா? கால் ரெண்டும் பொதுபொதுன்னு வீங்கிக் கெடக்கு. இப்பிடியே விட்டா ஆளு தங்காது. டாக்குட்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க."

சயான் பக்கம் ஒரு மராட்டி டாக்டர் இருந்தார். வயதானவர், அதிகம் பேசாதவர். மாமியின் முழங்கால் எலும்புக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். பள்ளம் விழுந்தது, அப்படியே நின்றது. முழங்காலில் சின்னச் சுத்தியால் தட்டினார். கால் அசையவில்லை. என்னிடம் திரும்பி, இந்த அம்மாள் என்ன அரிசி சாப்பிடுகிறாள் என்று கேட்டார். நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன், நல்ல உயர்ந்த வெள்ளைப் பச்சரிசி என்று.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். இது பெரிபெரி என்றார். அரிசியில் உயிர் இருக்கும் இடம் அந்தத் தவிடுதான், அதை மில்லில் பாதி எடுத்துவிட்டார்கள், மீதியை இவள் கழுவி வடித்துக் கொட்டுகிறாள், இவள் தின்பது வெறும் சக்கை என்றார். ஊசி மருந்து இருக்கிறது, ஆனால் யுத்தத்துக்குப் போகிறது, தனக்குக் கிடைப்பதில்லை என்றார். கைக்குத்தல் அரிசி கொடுங்கள். அது கிடைக்காவிட்டால் புழுங்கல், நெல்லை வேகவைக்கும்போதே தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடும். கஞ்சியை வடிக்காதீர்கள். பயறு, கீரை கொடுங்கள். இப்படியே விட்டால் இதயம் நின்றுவிடும் என்று எச்சரித்தார்.

கைக்குத்தல் அரிசிக்கு ரேஷன் பம்பாயில் எங்கே போவது? ஊருக்கு வெளியே மான்குர்த் வரை போய் நெல் கேட்டுப் பார்த்தேன், கையை விரித்தார்கள். கோதுமை கொடுத்துப் பார்த்தோம், அவளுக்கு வயிற்றோட்டம் எடுத்து இன்னும் தளர்ந்தாள். பயறும் பருப்பும் கடைத்தெருவில் கண்ணில் படுவதே அபூர்வம், கிடைத்ததை அவள் எங்கள் குழம்பில்தான் போட்டாள். ஆக, வீட்டில் மூட்டையாக இருந்த மருந்து ஒன்றே ஒன்றுதான். எங்கள் புழுங்கல்.

மாமி தலையை ஆட்டினாள். "அது ஆகாது பஞ்சு."

"உயிரே போயிடும்னு சொல்றார் மாமி."

"ஸ்வாமி மன்னிச்சுடுவார், அது எனக்குத் தெரியும். நீங்க ஆறு பேர்? இவள் ஆசாரம் கெட்டவள்னு உங்காத்துக்குத் தெரிஞ்சா உங்கம்மா உன்னை இங்க சாப்பிட விடுவாளா? நீங்க போயிட்டா சுந்தரராமன் ஸ்கூலுக்குப் போறது எப்படி? எஸ்.எஸ்.எல்.சி. முடிக்க இன்னும் மூணு வருஷம் இருக்கு."

நான் மற்றவர்களிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்க நினைத்தேன். மூன்று பேரிடம் பேச்சை ஆரம்பித்தேன். ஒருவன் கேட்காதவன் போலப் பேப்பரைத் திருப்பினான். ஒருவன், "அனந்தநாராயணன் என்ன சொல்றார்?" என்றான். இன்னொருவன், "அம்மாவுக்கு எழுதிக் கேக்கணும்" என்றான். அனந்தநாராயணனிடம் கேட்க எனக்குத் தைரியமே வரவில்லை. ஆபீஸிலும் அவர் எனக்கு மேலே. அன்று சாயங்காலம் மாமியிடம் வந்து, "எல்லாரும் சரின்னுட்டா மாமி. அனந்தநாராயணன் சாரும்தான்" என்று சொன்னேன்.

"நிஜமாவா?" என்று கேட்டாள். "நிஜம்" என்றேன்.

மறுநாள் அவள் வடிக்காத புழுங்கல் கஞ்சி குடித்தாள். என் எதிரில் குடிக்கவில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்து குடித்தாள். தோள் குலுங்கியதிலிருந்து அழுகிறாள் என்று தெரிந்தது. பேராச்சி நடந்ததைக் கேட்டுவிட்டுத் தினமும் ஒரு கட்டுக் கீரை தனியாக எடுத்துவைத்தாள், "இது அம்மாவுக்கு, நீங்க யாரும் தொடாதிய" என்று. பத்தே நாளில் வீக்கம் வடிந்தது. ஒரு மாதத்தில் சுவரைப் பிடிக்காமல் எழுந்தாள். மூன்று மாதத்தில் குடத்தோடு மாடி ஏறினாள். திவசச் சமையலுக்குக் கூப்பிட்டவர்களிடம் மட்டும் உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள். நான் செய்தது சரிதான் என்று நினைத்தேன். இப்போதும் அந்த மூன்று மாதத்தைப் பற்றி அப்படித்தான் நினைக்கிறேன்.

தை மாதம் அனந்தநாராயணனின் தகப்பனார் திதி வந்தது. அவருக்கு மாமி சமைக்காமல் திதி நடந்ததில்லை. நாங்கள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கேட்டார். "செவ்வாய்க்கிழமை மாமி. இப்பதான் உடம்பு தேவலையே, வந்துடுங்கோ."

மாமி மோர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "நீங்க எல்லாம் தெரிஞ்சும் கேக்கறேளே. புழுங்கல் சாப்பிடற கையால பித்ருக்களுக்கு எப்படிச் சமைக்கறது?"

"யார் புழுங்கல் சாப்பிடறா?"

"நான்தான். டாக்டர் சொல்லி. நீங்ககூடச் சரின்னேளாமே."

"எங்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கலையே மாமி" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. அவர் நல்ல மனுஷர்தான், நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. மாமி என் பக்கம் திரும்பினாள். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாரும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட அவளுக்கு நாலு வார்த்தை பதில் சொல்ல ஒரு வழி கிடைத்திருக்கும். ஒருவனுக்கு சுனாபட்டியில் மாமா வந்துவிட்டாராம். ஒருவனுக்கு ஷிஃப்ட் மாறிவிட்டதாம். அனந்தநாராயணன் மட்டும் உண்மையைச் சொன்னார், அம்மாவிடம் மறைக்க முடியாது என்று. இருபது நாளில் நான் ஒருவன்தான் மிச்சம். தனியாக இருக்கும் விதவை வீட்டில் ஒரே ஒரு இளவட்டம் வந்து சாப்பிட்டுப்போனால் ஊர் சும்மா இருக்குமா? மாமியே, "நீயும் வராதே" என்று சொல்லிவிட்டாள். நான் ஹோட்டலுக்குப் போனேன். எனக்குள் ஒரு ஓரத்தில் நிம்மதியாகவும் இருந்தது. அதை நினைத்தால் இன்றும் என்னை எனக்கே பிடிக்கவில்லை.

அந்த மாதம் பாலக்காட்டுக்கு மணியார்டர் போகவில்லை. அடுத்த மாதமும் போகவில்லை. பையனை ஸ்கூலிலிருந்து நிறுத்திவிட்டு ஒரு கடையில் சேர்த்துவிடலாமா என்று அண்ணா கடிதம் போட்டார். அதற்கு மறுநாள் மாமி வாத்தியாரை வரவழைத்துப் பஞ்சகவ்யம் சாப்பிட்டுப் பிராயச்சித்தம் செய்துகொண்டாள். இனிமேல் பச்சரிசிதான் என்று அனந்தநாராயணனுக்குச் சொல்லி அனுப்பினாள். அடுத்த வாரம் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். ஹோட்டலில் எல்லோருக்கும் வயிறு கெட்டுப்போயிருந்தது.

நான் தனியாகப் போய் அவளிடம் மன்றாடினேன். "யாருக்கும் தெரியாம சாப்பிடுங்கோ மாமி. நான் மூச்சு விடமாட்டேன்."

"நீ எனக்காக ஒரு பொய் சொன்னே. உன்மேல கோவம் இல்லை, அந்த மூணு மாசம் நன்னாத்தான் இருந்தது" என்றாள். "ஆனா திவசத்துக்குச் சமைக்கிறவ பொய் சொல்லிட்டு அடுப்பு மூட்டக்கூடாது. அவன் எஸ்.எஸ்.எல்.சி. முடிக்கறவரைக்கும் இந்தக் கால் தாங்கும். நீ போய் அரிசியை மாத்திண்டு வா."

பையைத் தூக்கிக்கொண்டு போனேன். பேராச்சி பையை வாங்கவில்லை. "எனக்கு வேண்டாம் சாமி. அந்த அம்மாவக் கொல்லவா நான் அரிசி தாரேன்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பக்கத்துக் குடிசையில் வேறு ஒருத்தியிடம் கொடுத்து மாற்றினேன்.

கால் தாங்கவில்லை. நாற்பத்தைந்து ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் ஆறு பேருக்கும் முளைக்கீரை மொளகூட்டல் போட்டாள். அடுப்புச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே பரிமாறினாள். நாங்கள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டோம். திங்கட்கிழமை காலை போனபோது கதவு திறக்கவில்லை. மராட்டி டாக்டர் வந்து பார்த்து இதயம் நின்றுவிட்டது என்று காகிதத்தில் எழுதினார்.

ரயில் டிக்கெட் கிடைத்து சுந்தரராமன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பதால், அவன் சார்பில் அனந்தநாராயணன்தான் கொள்ளிவைத்தார். வாய்விட்டு அழுதவரும் அவர்தான். அந்த அழுகையில் பொய் இல்லை.

ஒரு மாதம் கழித்துப் பையனிடமிருந்து எனக்கு ஒரு கார்டு வந்தது. பதினான்கு வயதுப் பையனின் குண்டு குண்டான எழுத்து. படிப்பை நிறுத்திவிட்டார்கள் என்று எழுதியிருந்தான். அம்மா கடைசி நாட்களில் ஒழுங்காகச் சாப்பிட்டாளா, கடிதத்தில் எப்போதும் உங்களுக்குச் சமைத்ததைப் பற்றித்தான் எழுதுவாள், தான் சாப்பிட்டதைப் பற்றி எழுதவே மாட்டாள், நீங்கள் கூட இருந்தவர், சொல்லுங்கள் என்று கேட்டிருந்தான்.

ஒரு வாரம் அந்தக் கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். உண்மையை எழுதினால் எங்கள் ஆறு பேர் பெயரையும் எழுத வேண்டியிருந்தது. முதலில் என் பெயரை. கடைசியில், "தினமும் சாப்பிட்டாள்" என்று ஒரு வரி எழுதித் தபாலில் போட்டேன்.